துண்டு முதல் ஃபயர்வோல் வரை

நுவரெலியாவுக்குக் கோச்சியில் போகிற எல்லோரும் நானுஓயாவில் இறங்கித்தான் ஆகணும். 1885இல் ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை. ஒரு பக்கம் கொழும்பிலிருந்து வரும் பெரிய பாதை, மறு பக்கம் டவுனுக்குப் போகும் ரோட்டு, நடுவில் டிக்கெட் பார்க்கிற கேட். வீட்டு இன்டர்நெட்டுக்கு வைக்கிற ஃபயர்வோலும் இப்படி ஒரு கேட்தான்.

இன்டர்நெட்டில் எல்லாமே சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வருகின்றன. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியிருக்கும். ஃபயர்வோல் அதை வாசிக்கும்; முன்னரே எழுதி வைத்த விதிப்படி உள்ளே விடும், இல்லாவிட்டால் தடுக்கும்.

ஆரம்பகால இன்டர்நெட்டில் கதவுகள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. 1988 நவம்பரில் ‘மொரிஸ் வோர்ம்’ ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய பிறகுதான் வாசலில் ஆள் வேணும் என்ற எண்ணம் வலுத்தது. முதலில் அது பெரிய நிறுவனங்களுக்கான விஷயமாகவே இருந்தது. 2000இல் ‘ஸ்மூத்வோல்’ வந்தது. 2003இல் மானுவல் காஸ்பர் ‘மோனோவோல்’ வெளியிட்டார். அடுத்த வருஷமே அதிலிருந்து ‘பிஎஃப்சென்ஸ்’ கிளைத்தது, 2015இல் ‘ஓபிஎன்சென்ஸ்’ வந்தது. எல்லாமே இலவசமாகக் கிடைத்தவை. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த கணினிக்கு இரண்டு நெட்வேர்க் கார்ட் போட்டால் போதும்: ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. பழைய பெட்டி காவல்காரனாகிவிடும்.

இதில் செலவும் உண்டு. 60 வாட் இழுக்கிற கணினி ராப்பகலாக ஓடினால் மாதம் சுமார் 43 அலகு மின்சாரம் போகும். ஓபிஎன்சென்ஸ் போன்றவை இப்போது 64 பிட் செயலியும் கேட்கின்றன. ரொம்பப் பழசு சரிவராது.

சரி, கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை? இருக்கு. எங்கள் முன்னோர்களே ஒரு காலத்தில் பொதிகள் மாதிரி நடத்தப்பட்டவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களிடம் தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் பெயர் இல்லை, எண்தான். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நாட்கணக்கில் நிறுத்தி வைத்த பிறகுதான் கடலைக் கடக்க விட்டார்கள். இங்கே வந்தபின் ‘துண்டு’. பழைய தோட்டத்தின் கடன் கணக்கைச் சொல்லும் அந்தக் கடிதம் இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. தலையில் எழுதியதை மட்டும் பார்த்து, உள்ளே இருக்கிற மனுசனைப் பார்க்காத வாசல்கள் அவை. விதியை எழுதியவர்கள் வேறு, வரிசையில் நின்றவர்கள் வேறு.

இன்றைக்கும் அப்படி வாசல்கள் உண்டு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. விதி மேலே எழுதப்பட்டது. நமக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்த திரைதான். வீட்டுப் பெட்டியின் வடிகட்டல் விதிகளால் மட்டும் அந்தத் தடையை உடைக்க முடியாது. ஆனால் வடிகட்டல் எப்படி நடக்கிறது என்பதை அது நம் கண்முன்னே காட்டும். கம்பனி தருகிற ரவுட்டரிலும் சின்னதாக ஒரு ஃபயர்வோல் இருக்கும்தான். அதன் விதிகளைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. அந்தப் பெட்டி, யாருடைய போன் எந்தத் தளத்துக்குப் போனது என்று குறித்து வைக்கக் கூடியது. அதன் பாஸ்வேர்ட் அண்ணன் கையில் மட்டும் இருந்து, தங்கச்சிக்கு இரவு ஒன்பதோடு இன்டர்நெட் நின்றுபோனால், லயத்துக்குள்ளேயே இன்னொரு துரை உருவாகிவிட்டார் என்று அர்த்தம்.

அதனால் ஃபயர்வோல் வைக்கிற வீட்டில் முதல் வேலையாக விதிகளை ஒரு தாளில் எழுதுவோம். எதைத் தடுக்கிறோம், ஏன், யார் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி. அம்மாவும் தங்கச்சியும் அதை வாசித்து “இது வேணாம்” என்று வெட்டட்டும். நம் பாட்டன்மாருக்கு அந்தப் பேனா கிடைக்கவே இல்லை.