உப்பளக் கரையில் ஒலித்த குரல்: இசைமுரசு நாகூர் ஹனீபா

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் வழிப்படுத்துவதாக அமைந்த நூலாகும். அவ்வழியில் நெய்தல் நிலத்து ஊராகக் கூறப்படும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாணர் நடந்த அக்கரையில், கழுவெளியின் முகத்துவாரத்தை ஒட்டி, இன்று உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. நம் காலத்துப் பாணர் ஒருவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியதும் அவ்வுப்பளமே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பங்குனி வெயிலில், அங்கே உப்புக் கூடை சுமந்து கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவருடன் உரையாட நேர்ந்தது. அவர் முஸ்லிம் அல்லர். நான் அரபுக் கல்லூரி ஆசிரியன் என்று அறிந்ததும், நபிமகளார் பாத்திமா (ரலி) அவர்களின் எளிய வாழ்வைக் குறித்து என்னிடம் பேசத் தொடங்கினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நம்ம அனிபா பாய் பாட்டுல கேட்டதுதான் பாய்" என்றார். முப்பதாண்டு காலமாக ஹதீஸ் நூல்களை ஓதிக் கொடுத்துவரும் எனக்கு அவ்விடை நாணத்தை உண்டாக்கிற்று. நாம் அரபு மொழியின் மதிலுக்குள் காத்து வைத்திருந்த வரலாற்றை அப்பெண்மணியின் இல்லம் வரை கொண்டு சேர்த்தவர் ஒரு பாடகர்.

இஸ்மாயில் முஹம்மது ஹனீபா 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தார். குடும்பத்தின் ஊரான நாகூரே அவர் பெயரோடு ஒன்றிப்போயிற்று. ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களின் தர்காவைச் சூழ்ந்த அவ்வூரில், பைத்தும் மவ்லிதும் முனாஜாத்தும் அன்றாட வாழ்வின் பகுதி. அத்தகைய பைத்து சபைகளில் பயின்ற இளங்குரல், பதின்ம வயதிலேயே திருமண இல்லங்களில் கச்சேரி செய்யுமளவு வளர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டிய குரல் அது. 'இசைமுரசு' என்னும் பட்டம் அவருக்கு வெறும் புகழ்ச்சி அன்று.

அவருடைய வாழ்வில் மார்க்கமும் அரசியலும் இரு கரைகளாக அமைந்தன. இளமையிலேயே பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்ட அவர், 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது அதன் பாடகரானார். அண்ணாவை முன்னிறுத்தி அவர் பாடிய பாடல்கள், மாநாடுகளில் பேச்சாளரின் வருகைக்கு முன்பே மக்களைத் திரட்டின. சட்ட மேலவை உறுப்பினராகவும் தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகவும் அவர் பணியாற்றினார். 2002இல், தம் 76ஆம் வயதில், வாணியம்பாடி இடைத்தேர்தலில் போட்டியிட்டு வெற்றி வாய்ப்பை இழந்தார். கடவுள் மறுப்பில் வேர்கொண்ட ஓர் இயக்கத்தின் மேடையில் நின்றவர், இறைவனைப் போற்றிப் பாடுவதை ஒருநாளும் கைவிடவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

திரையுலகிலும் அவர் குரல் ஒலித்தது. 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தின் பெருநாள் பாடலை டி. எம். சௌந்தரராசனுடன் இணைந்து பாடினார். 1992இல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையிலும் பாடினார். எனினும் திரைப்பாடல்கள் அவருடைய பணியில் சிறு பகுதியே. இசைத்தட்டுகளும் பின்னர் ஒலிநாடாக்களுமே அவரை ஊர்தோறும் கொண்டு சென்றன. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் முதலிய கவிஞர்கள் அக்குரலுக்குச் சொல் தந்தனர். ஆர். அப்துல் சலாம் இயற்றிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலின் பரவலுக்கு ஒரு காரணம் வெளிப்படை: அது 'இறைவன்' என்னும் பொதுச்சொல்லை எடுத்தாண்டது. துஆவின் உட்பொருளைத் தமிழர் எவரும் தமதாக்கிக் கொள்ளும் வகையில் சொன்னது. ஆதலால் பள்ளிவாசல் தெருவைக் கடந்து, பிற சமயத்தார் விழாக்களிலும் அது ஒலித்தது.

இவ்விடத்தில் ஒரு வினாவைத் தவிர்க்கவியலாது. ஆர்மோனியமும் தபேலாவும் துணைசெய்யப் பாடுவது மார்க்கத்திற்கு இசைவானதா? நான்கு மத்ஹபு அறிஞர்களிலும் பெரும்பான்மையோர் இசைக் கருவிகளை விலக்கினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறுபுறம், அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் (994-1064), விலக்குக்குச் சான்றாகக் காட்டப்படும் ஹதீஸ்கள் வலுவானவை அல்ல என்று வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் 'இஹ்யாஉ உலூமித்தீன்' நூலில் ஸமாஉ பற்றித் தனிப் பகுதியே வகுத்தார். நரம்புக் கருவிகள் சிலவற்றையும் குழல்கள் சிலவற்றையும் விலக்கிய போதும், பாடலின் பொருள், சூழல், கேட்போரின் உள்ளநிலை ஆகியவற்றைக் கொண்டே தீர்ப்புக் கூற வேண்டும் என்பது அவர்தம் நெறி. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) இல்லத்தில் சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அதைக் கடிந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விட்டுவிடுமாறு கூறியதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள ஒரு பொருளில், ஒரு மனிதரின் வாழ்நாள் தொண்டை ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது.

தாய்மொழிப் பாடலில் தம்மை அடையாளம் கண்ட முஸ்லிம் சமூகம் நாம் மட்டுமன்று. பொஸ்னிய முஸ்லிம்கள் தம் ஸ்லாவிய மொழியில் 'செவ்தலிங்கா' என்னும் காதல் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றனர். அச்சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது: கரும்பித்தத்தைக் குறிக்கும் 'ஸவ்தா', துருக்கி மொழியில் காதலின் துயராகப் பொருள் விரிந்து, பொஸ்னியாவில் பாட்டின் பெயராயிற்று. அப்பாடல்களால் புகழ்பெற்ற ஸாஃபெத் இசோவிச் (1936-2007) நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். ஹனீபாவின் வாழ்வுக்கு நிகரான வாழ்வு அது. தன் மொழியில் பாடுவதால் ஒரு சமூகம் தன் மார்க்கத்தை இழப்பதில்லை. அண்டை அயலாரின் செவிக்கு அதனைக் கொண்டுசெல்கிறது.

2015 ஏப்ரல் 8 அன்று, 89ஆம் வயதில், சென்னையில் ஹனீபா இறையடி சேர்ந்தார். 2025ஆம் ஆண்டு அவரது நூற்றாண்டாக அமைந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களையும் நம் இலக்கிய வரலாறுகள் உரிய சிறப்புடன் பேசுகின்றன. அந்த மரபு எழுத்தறியாதவர் செவிக்கும் எட்டியது எவ்வாறு என்பதை எழுதப் புகுவோர் ஹனீபாவைக் கடந்து செல்ல இயலாது. அவர்தம் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும், வெளிவந்த ஆண்டு, இயற்றியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் ஆகியவற்றோடு தொகுத்து அட்டவணைப்படுத்துவது நம் கல்லூரிகள் மேற்கொள்ளத்தக்க பணி. சொல் தந்த கவிஞர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.

மரக்காணத்துப் பெண்மணியிடம் நான் ஒரு ஹதீஸைக் கூறினேன். திரிகை சுற்றித் தம் கைகள் வருந்தியதால் பணியாளர் ஒருவரைக் கேட்டுவந்த பாத்திமா (ரலி) அவர்களுக்கு, அதனினும் சிறந்ததென்று இறைத்துதியை நபிகளார் (ஸல்) கற்றுத் தந்த செய்தி அது. அவர் உப்பு அரித்த தம் உள்ளங்கைகளைச் சற்று நோக்கினார். பின்னர், "இதையும் அவர் பாடியிருக்கலாமே பாய்" என்றார். கற்றோராகிய நாம் அவருக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் எவ்வளவோ உள்ளன.