எட்டு ஆட்சேபணைகளும் ஒரு தாய்மாமனும்

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா... யாராவது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம் பார்த்து பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். 'அப்புறம்? இப்ப என்ன பண்ணிட்டிருக்கே?' என்று ஆரம்பிப்பார். நீங்கள் 'போட்டோ எடுக்கறேன்' என்றோ, 'நாடகம் போடறேன்' என்றோ, 'பறவைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்' என்றோ சொல்வீர்கள். முழுசாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, 'அதெல்லாம் சரி, வேலைக்கு என்ன பண்றே?' என்பார்.

இதற்குப் பதில் தெரியாமல் முழித்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. சார்லஸ் டார்வினும் முழித்திருக்கிறார். உடனே உங்கள் மனக்கண்ணில் வரும் அந்த வெள்ளைத் தாடிக் கிழவரைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நாம் பார்க்கப்போவது 1831-ம் வருஷத்து டார்வினை. வயது 22. தாடி கிடையாது. வேலையும் கிடையாது.

குடும்பம் லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்கிற ஊர். தாத்தா பெரிய டாக்டர். அப்பா ராபர்ட் டார்வின் அதைவிட பிஸியான டாக்டர். ஆறடி இரண்டு அங்குல உயரம், நூற்றைம்பது கிலோ எடை. ஊரில் நிலபுலன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்து வட்டி வாங்கிய பணக்காரரும்கூட. மூத்த பையன் எராஸ்மஸும் மெடிசின்தான் படித்தான் (படித்தானே தவிர, கடைசிவரை பிராக்டீஸ் பண்ணவில்லை என்பது தனிக்கதை). அம்மா, சார்லஸுக்கு எட்டு வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம்.

சட்டம் சொன்னது: சார்லஸும் டாக்டராக வேண்டும்.

1825-ல், பதினாறு வயதில், எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். குளோரோஃபார்ம் வருவதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அலற அலற அறுப்பார்கள். சார்லஸ் பார்த்த இரண்டு ஆபரேஷன்களில் ஒன்று ஒரு சின்னக் குழந்தைக்கு நடந்தது. முடிவதற்குள் வெளியே ஓடி வந்துவிட்டான். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 1827-ல் படிப்புக்கு முழுக்கு.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! வேட்டை, நாய், எலி பிடிப்பது... இது தவிர வேறெதிலும் அக்கறை இல்லாத நீ, உனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் அவமானமாகத்தான் முடியப்போகிறாய் என்கிற பொருள்பட ஒருமுறை திட்டித் தீர்த்திருக்கிறார். அந்தத் திட்டை டார்வின் அறுபத்தேழு வயதிலும் மறக்கவில்லை. தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்தார். 'நான் பார்த்ததிலேயே மிக அன்பான மனிதர் என் அப்பா' என்ற கருத்தையும் பக்கத்திலேயே எழுதினார். இந்த இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்பது, அப்பா உள்ள எல்லோருக்கும் புரியும்.

அடுத்த திட்டம், பாதிரியார். ராபர்ட்டுக்கு அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. ஆனால் கிராமத்து சர்ச் பாதிரியார் என்றால் வீடு உண்டு, நிலையான வருமானம் உண்டு, சமூகத்தில் மரியாதை உண்டு. நம்ம ஊர் கவர்ன்மென்ட் உத்தியோகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பையன் கேம்பிரிட்ஜுக்குப் போனான். போய் என்ன செய்தான்? வண்டு பிடித்தான்! ஒரு தடவை மரப்பட்டையை உரித்தால் அரிய வண்டு இரண்டு. இரண்டு கையிலும் ஒவ்வொன்று. அந்த நேரம் பார்த்து மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது. விட மனசில்லை. வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டான். அது நாக்கைச் சுட்டெரிக்கிற மாதிரி ஒரு திரவத்தைப் பீய்ச்ச, துப்பிவிட்டான். அந்த வண்டும் போச்சு, மூன்றாவதும் போச்சு.

எப்படியோ 1831 ஜனவரியில், சாதாரணப் பட்டப் பிரிவில் பத்தாவதாகத் தேறினான். இனி பாதிரியார் ஆகவேண்டியதுதான் பாக்கி.

ஆகஸ்ட் 29-ம் தேதி. வேல்ஸ் மலைகளில் பேராசிரியர் செட்ஜ்விக்குடன் பாறைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சார்லஸுக்கு ஒரு தபால் காத்திருந்தது. எழுதியவர் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ. 'எச்.எம்.எஸ். பீகிள்' என்ற கப்பல் தென் அமெரிக்கக் கரையோரங்களை அளக்கப் போகிறது. கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு, இயற்கை விஞ்ஞானமும் தெரிந்த, கூடவே உட்கார்ந்து சாப்பிடத் தகுந்த ஒரு கனவான் துணைக்கு வேண்டும். இரண்டு வருஷப் பயணம். போகிறாயா?

துணை எதற்கு? அந்தக் காலத்தில் கேப்டன் தனக்குக் கீழே உள்ளவர்களோடு சகஜமாகப் பழகுகிற வழக்கமில்லை. வருஷக்கணக்கில் தனிமை. பீகிளின் முந்தைய கேப்டன் தென் அமெரிக்காவின் தென்கோடியில் 1828-ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனவர். சம்பளம்? கிடையாது. செலவு? சொந்தச் செலவு. அதாவது அப்பா செலவு.

இப்போது நேர்மையாகச் சொல்லுங்கள். உங்கள் பையன் மெடிசினைப் பாதியில் விட்டு, அடுத்த படிப்பிலும் வண்டு பிடித்துவிட்டு, 'சம்பளமில்லாமல் கப்பலில் போய்ப் பூச்சி பொறுக்கப் போகிறேன், பணம் கொடுங்கள்' என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?

ராபர்ட்டும் அதையேதான் சொன்னார். முடியாது. ஆனால் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார். 'பொது அறிவுள்ள ஒரே ஒரு மனுஷன், நீ போகலாம் என்று சொல்லட்டும், சம்மதிக்கிறேன்' என்றார். அப்படி எவனும் சொல்லமாட்டான் என்ற தைரியம்தான். சார்லஸ் மல்லுக்கு நிற்கவில்லை. மறுநாளே 'வரமுடியவில்லை' என்று ஹென்ஸ்லோவுக்கு எழுதிப்போட்டுவிட்டு, 31-ம் தேதி தாய்மாமன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். செப்டம்பர் 1-ல் கவுதாரி வேட்டை சீசன் ஆரம்பம்!

தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட். புகழ்பெற்ற பீங்கான் கம்பெனிக் குடும்பம். மேர் என்ற ஊரில் பண்ணை வீடு. அதிகம் பேசாதவர். ராபர்ட் தன் மைத்துனரை உலகத்திலேயே விவேகமான மனிதர்களில் ஒருவர் என்று சொல்வார். இந்த மாமாவுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1798-ல் வயிற்றுப்பாட்டுக்காகப் பாதிரியார் வேலைக்குப் போக இருந்த ஓர் இளம் கவிஞரை, அவரும் தம்பி டாமும் 'நீ எழுது, வருஷத்துக்கு 150 பவுண்டு தருகிறோம்' என்று தடுத்து நிறுத்தினார்கள். அந்தக் கவிஞர் கோல்ரிட்ஜ். அந்த வேலை இருந்த ஊர், இதே ஷ்ரூஸ்பரி! ஆக, பாதிரியார் ஆவதிலிருந்து ஆள்களைக் காப்பாற்றுவதில் மாமாவுக்கு முன் அனுபவம் இருந்தது.

மாமா விஷயத்தைக் கேட்டார். அப்பா என்னென்ன காரணம் சொன்னார் என்று வரிசையாக எழுதச் சொன்னார். சார்லஸ் எழுதினான். எட்டு வந்தது.

ஒன்று, பிற்காலத்தில் பாதிரியாராகப் போகிறவனுக்கு இது கௌரவம் இல்லை. இரண்டு, கிறுக்குத்தனமான திட்டம். மூன்று, உனக்கு முன்னாடி வேறு பலரைக் கேட்டிருப்பார்கள். நான்கு, அவர்கள் மறுத்திருக்கிறார்கள் என்றால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு. ஐந்து, திரும்பி வந்தால் ஓரிடத்தில் நிலையாக உட்காரமாட்டாய். ஆறு, கப்பலில் வசதி மோசமாக இருக்கும். ஏழு, மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய். எட்டு, இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கவனித்தீர்களா? கல்யாண வீட்டில் உங்களிடம் கேட்கப்படுவதும் கிட்டத்தட்ட இதே எட்டுதான். கப்பலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மாமா உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பதில் எழுதினார். இயற்கையை ஆராய்வது பாதிரியாருக்குப் பொருத்தமான காரியம்தான். கடற்படைத் தலைமையகம் ஓட்டைக் கப்பலை அனுப்பாது. மறுத்தவர்களுக்கு அவரவர் காரணம் இருந்திருக்கும். (நிஜமாகவே இருந்தது. ஹென்ஸ்லோவே போக ஆசைப்பட்டு, மனைவியின் முகம் வாடியதைப் பார்த்து விட்டுவிட்டார். இன்னொருவர் தன் சர்ச்சை விட்டு வரமுடியாது என்றார்.) ஐந்தாவதுக்கு, உங்கள் பையனைப் பற்றி உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும் என்று பணிந்துவிட்டு, மாலுமிகள்தானே பிற்பாடு வீட்டோடு அடங்கி வாழ்கிறார்கள் என்று மெதுவாக ஒரு கேள்வி. ஏழாவதுதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். சார்லஸ் இப்போது மத நூல்களில் மூழ்கியிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் மூழ்கவில்லையே, மூழ்கப்போவதும் இல்லையே? எட்டாவதில் பாதியை ஒப்புக்கொண்டார். ஆமாம், தொழிலுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆனால் அறிவுப்பசி உள்ள ஒருவனுக்கு, உலகத்தையும் மனிதர்களையும் பார்க்க இப்படியொரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மொத்தக் கடிதத்திலும் அப்பாவைக் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது', 'காலம் மாறிப்போச்சு' இத்யாதி... ம்ஹூம்.

கடிதம் செப்டம்பர் 1 காலையில் போய்விட்டது. சார்லஸ் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு மாமா ஆளனுப்பினார். கடிதம் மட்டும் போதாது, வா, நேரில் போகலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு ஷ்ரூஸ்பரிக்குப் புறப்பட்டுவிட்டார். போய்ச் சேர்ந்தபோது அப்பா மனசு ஏற்கெனவே மாறியிருந்தது. எட்டு ஆட்சேபணைகளும் ஒரே நாளில் காலி.

'கப்பலில் இருந்துகொண்டு நீங்கள் தருவதைவிட அதிகம் செலவழிக்க வேண்டுமானால் நான் ரொம்பக் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும்' என்று அப்பாவைச் சமாதானப்படுத்தினானாம் பையன். நீ கெட்டிக்காரன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் என்று அப்பா சிரித்தாராம்.

1831 டிசம்பர் 27-ல் பீகிள் கிளம்பியது. இரண்டு வருஷம் என்றது, கிட்டத்தட்ட ஐந்து வருஷமாக இழுத்து 1836 அக்டோபர் 2-ல்தான் திரும்பியது. கப்பலின் நீளம் 90 அடி; உள்ளே எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். சார்லஸுக்கு வழி நெடுக வாந்தி.

நான் காமர்ஸ் படித்தவன். அந்த எட்டையும் கணக்கு டேலி பண்ணாமல் விட மனசு வரவில்லை. வேறு ஆட்களைக் கேட்டிருப்பார்கள் என்றார் அப்பா, சரி. வசதி இருக்காது என்றார்; சரியோ சரி. தொழிலை மாற்றுகிறாய் என்றார். அதுவும் சரி, டார்வின் கடைசிவரை பாதிரியார் ஆகவே இல்லை. தப்பானது ஐந்தாவது. ஊர் திரும்பிய டார்வின் அதன் பிறகு பிரிட்டனைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. 1842-ல் ஒரு கிராமத்து வீட்டில் குடியேறி, 1882-ல் சாகும்வரை நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். மாலுமிகள் பற்றி மாமா சொன்னது பலித்துவிட்டது! எட்டாவது... அதை விடுங்கள், அது உலகத்துக்கே தெரியும். தனித்தனி என்ட்ரி பல சரியாக இருந்தும் கூட்டுத்தொகை தப்பாகிவிட்டது. உறவினர்கள் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் தப்பாகிறது. அவர்கள் பயப்படுகிற கஷ்டங்கள் நிஜம். அதனால் 'கஷ்டமே இல்லை' என்று சாதிப்பவன் தோற்றுப்போகிறான். மாமா மாதிரி 'இது ஆமாம், இது இல்லை' என்று பிரித்துச் சொல்பவன் ஜெயிக்கிறான்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ராபர்ட் பணக்காரர். ஐந்து வருஷமும் பில்களைக் கட்டினார். கூட ஓர் உதவியாளனை வைத்துக்கொள்ளவும் பணம் கொடுத்தார். அப்பா சம்மதம் தராதிருந்தால், அல்லது தந்தும் கையில் காசில்லாதிருந்தால், வண்டு பிடித்த இன்னொரு பாதிரியாரோடு கதை முடிந்திருக்கும். வெறும் விடாமுயற்சிக் கதையாக இதைச் சொல்வது மோசடி.

பயணம் முடிவதற்கு முன்பே, 1835-ல், சார்லஸின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை கேம்பிரிட்ஜில் சின்னப் புத்தகமாக அச்சடித்தார்கள். ராபர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பிரதிகளை வாங்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் விநியோகித்தார். குடும்ப அவமானம் என்று திட்டிய அதே அப்பா! பையன் வீடு திரும்பியதும் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகள்களிடம் திரும்பி, இவன் தலை வடிவமே மாறிவிட்டதே என்றாராம். பாதிரியார் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. 1839-ல் சார்லஸ் கல்யாணம் பண்ணிக்கொண்டது எம்மாவை. யார் அவர்? அந்தத் தாய்மாமன் மகள்தான்!

மாமா 1843-ல் காலமானார், அப்பா 1848-ல். 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859-ல். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. அவர்கள் சம்மதம் சொன்ன அன்று எதிரே நின்றவன் வேலைவெட்டி இல்லாத ஒரு சாதாரணப் பையன். அவன் என்னவாகப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

இன்று கேள்விகளை எதிர்கொண்டிருக்கிறீர்களா? உட்கார்ந்து உங்கள் எட்டை எழுதுங்கள். உங்கள் வீட்டார் மதிக்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வயதைத் தாண்டி, கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டீர்களா? உங்கள் வீட்டிலும் வண்டு பிடிக்கிற பையனோ பெண்ணோ இருக்கலாம். கேளுங்கள், தப்பில்லை. ராபர்ட் மாதிரி ஒரு கதவை மட்டும் திறந்து வையுங்கள். முடிந்தால், அந்த மாமா மாதிரி வண்டியைப் பூட்டுங்கள்.