கசியும் மின்னேற்றமும் ஆவணக் காப்பும்: அல்லைப்பிட்டியை முன்வைத்து

யாழ்ப்பாணத் தீவகத்து ஊரான அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்பொருளாய்வாளர் ஜோன் காஸ்வெல் குழுவினர் அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் சொங் வம்சக் காலத்தவை. ஏறத்தாழ 900 ஆண்டுகள் யாருடைய பராமரிப்பும் இன்றி அவை தீவக மண்ணுக்குள் கிடந்தன. 2006 ஆகஸ்டில் போரால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்த மக்களின் குடும்பப் படங்களுக்கும் காணி உறுதிகளுக்கும் அப்படியொரு ஆயுள் வாய்க்காது. அவற்றை ஸ்கான் செய்து பென் ட்ரைவில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நினைவகக் கலத்தின் பௌதிகம் அதற்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணினியின் வேலை நினைவகத்தை முதலில் பார்க்கலாம். ஐபிஎம் நிறுவனத்தின் ரொபேட் டெனாட் 1968இல் காப்புரிமை பெற்ற கலத்தில் இருப்பவை ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியுமே. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பது ஒரு நிலை, இல்லாதது மறுநிலை. ஏற்றம் இடைவிடாது கசிவதால் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு கலமும் வாசிக்கப்பட்டு மறுபடி எழுதப்படுகிறது. மின் நின்றால் தரவும் போய்விடும்.

பென் ட்ரைவின் கலம் வேறு வகையானது. பெல் ஆய்வுகூடத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் 1967இல் முன்வைத்த மிதக்கும் வாயில் என்ற அமைப்பே அதன் மூலம். தோஷிபாவின் புஜியோ மசுவோக்கா 1980களில் அதை ஃபிளாஷ் நினைவகமாக வளர்த்தார். சுற்றிலும் காவலியால் அடைக்கப்பட்ட சிறு கடத்தித் துண்டுக்குள், உயர் அழுத்தத்தில், 10 நானோமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள ஒட்சைட்டுப் படையை ஊடுருவி இலத்திரன்கள் புகுத்தப்படுகின்றன. அழுத்தத்தை எடுத்த பின்னும் அவை அங்கேயே சிறைப்பட்டிருக்கும். அவற்றின் தொகை திரான்சிற்றர் கடத்தத் தொடங்கும் அழுத்தத்தை மாற்றுகிறது. அந்த மாற்றத்தையே நாம் தரவாக வாசிக்கிறோம்.

இச்சிறை நிரந்தரமானதன்று. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் ஒட்சைட்டில் குறைபாடுகள் சேர்கின்றன. இலத்திரன்கள் அவற்றின் வழியே மெல்ல வெளியேறும். ஒரே கலத்தில் மூன்று பிற்றுகளை வைக்க எட்டு ஏற்ற மட்டங்களைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால், சிறு கசிவும் பிழையாகிவிடும். இதே ஃபிளாஷ் கலங்களால் ஆன சாதாரண எஸ்எஸ்டி சேமிப்பகம், தேய்மான எல்லையை எட்டிய பின், மின்னிணைப்பின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்கிறது குறைகடத்தித் துறையின் ஜெடெக் நியமம். பரவலாகப் பயன்படும் கணிப்பு மாதிரியின்படி, வெப்பநிலை 30இலிருந்து 40 பாகைக்கு ஏறினால் இழப்பு வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தகரக் கூரையின் கீழ் அலுமாரிக்குள் வைத்த பென் ட்ரைவுக்கு இது வெறும் ஆய்வுகூடக் கணக்கல்ல. புதிய சாதனம் இதைவிடப் பல ஆண்டுகள் தாங்கும் என்பது உண்மையே. எனினும் அது தேய்ந்திருப்பதை வெளித்தோற்றம் காட்டாது.

அப்படியானால் தாளே மேல் என்பார்க்கு 1981இன் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பை நினைவூட்ட வேண்டும். அங்கு அழிந்த 97,000க்கு மேற்பட்ட நூல்களுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. தாள் நெடுநாள் நிற்கும். ஆனால் ஒரே இடத்தில் நிற்கும். மின்னேற்றம் நில்லாது, ஆனால் பிழையின்றிப் படியெடுக்க இடங்கொடுக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தின் பயனை இங்கேதான் காண்கிறேன்: படிகள் பெருகும்போது ஒரு தீயோ ஒரு கசிவோ முழு இழப்பாவதில்லை.

ஆகவே, தீவக ஆவணங்களுக்குச் சாதனத்தைவிடப் பராமரிப்பு அட்டவணையே முதன்மையானது. ஊரில் ஒரு படி, யாழ்ப்பாணத்தில் ஒன்று, புலம்பெயர்ந்தோரிடம் ஒன்று. கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டு, மாறியதை நல்ல படியிலிருந்து மீள எழுத வேண்டும். அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் அட்டவணையில் இருக்க வேண்டும்.