புற்றிலிருந்து கலத்துக்கு: தமிழகத்தில் ஈசல் உணவின் வரலாறு

பூச்சி உணவைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிகளுக்கு இடமுண்டு, உண்ணத்தக்கவை 1,900 வகைக்கு மேல் என்றது அந்த அறிக்கை. இதைப் படித்துவிட்டு, ஏதோ அயல்நாட்டுப் புதுமை வந்து இறங்கியதுபோல நம்மவர்களே எழுதுவது வருத்தம் தருகிறது. ஈசலை உண்டதற்குத் தமிழில் சங்க காலத்திலிருந்தே எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், உணவு பெரிதாக மாறவில்லை, அதற்கிருந்த மதிப்புதான் படிப்படியாகச் சரிந்தது என்று தெரிகிறது.

புறநானூற்றின் 119ஆம் பாட்டில், குறுநில மன்னன் பாரி இறந்தபின் அவனது பறம்பு நாட்டின் பழைய வளத்தைக் கபிலர் நினைத்து வருந்துகிறார். மழைக்குப் பின் செம்புற்றில் எழும் ஈசலை மோரிலிட்டுச் செய்த புளிப்பான உணவும் அந்த வளத்தில் ஒன்று. அந்தப் பறம்புதான் இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர். நற்றிணை 59இல் வேட்டுவன் உடும்போடும் முயலோடும் புற்றிலிருந்து அகழ்ந்த ஈசலையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறான். இன்னும் விரிவான சான்று அகநானூறு 394. ஆட்டுத் தயிரும் வரகரிசியும் ஈசலும் சேர்ந்த புளிச்சோறு, அதன்மேல் உருகும் பசு வெண்ணெய் என்று சமையலே கண்முன் நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விருந்தில் ஈசல் சோறு தலைவனோடு வரும் இளையருக்கு, தலைவனுக்கோ பாற்சோறு. பின்னாளில் பெரிதாக விரியப்போகும் இடைவெளியின் முதல் கீறல் இங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து. எனினும் அது வந்தவர்களுக்கு மனமுவந்து படைத்த விருந்து, பஞ்சத்துக்குத் தின்றதல்ல.

அடுத்த தெளிவான சான்றுக்கு 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிக்கு வர வேண்டும். அங்கே டேனியர்களின் மிஷன் மருத்துவராக இருந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். கறையான்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1779இல் பெர்லினில் வெளியானது. ஈசல் பிடிக்கும் முறையை அதில் நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று வீசும் பக்கத்துத் துளையில் நாற்றமெடுக்கும் பொருள்களை எரித்துப் புகை மூட்டுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில், மணமுள்ள இலையைத் தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்கு அஞ்சி ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். சில சமயம் நல்லபாம்பும் வந்துவிடும். அந்த இலை கறிவேப்பிலை. லின்னேயஸ் அச்செடிக்கு வைத்த தாவரப் பெயரிலேயே கேனிக்கின் பெயர் இருக்கிறது.

பிடித்த ஈசலை மாவில் கலந்து பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள் என்கிறார் கேனிக். அளவுக்கு மிஞ்சித் தின்றால் கடும் வயிற்றுவலியும் சீதபேதியும் வந்ததாக எச்சரிக்கிறார். முதியோருக்கு முதுகு வலுப்பெற அரசிக் கறையானை உயிரோடு கொடுத்ததையும் குறித்திருக்கிறார். 1781இல் இயற்கையாய்வாளர் ஹென்றி ஸ்மீத்மன் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இச்செய்திகளை எடுத்தாண்டதால் அவை ஐரோப்பா எங்கும் பரவின. கபிலர் நாட்டு வளமாகப் பாடியது இங்கே ஏழையின் தின்பண்டமாகிவிட்டது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி வெளியிட்ட தொகுதிகளிலோ அது செங்கல்பட்டு இருளர்களின் வழக்கங்களில் ஒன்றாக ஒதுங்கிவிடுகிறது. எழுதுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதும் இந்தச் சரிவில் ஒரு பங்கு.

வழக்கம் மட்டும் அறுந்துவிடவில்லை. தென் மாவட்டத்துச் செம்மண் ஊர்களில் மழை ஓய்ந்த மாலையில் புற்றருகே விளக்கை வைத்து, அடியில் தண்ணீர்ச் சட்டியை வைப்பார்கள். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் தண்ணீரில் விழும். அதை உலர்த்தி வெறுஞ்சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்தால் சிறகு பறந்துவிடும். மிஞ்சியதை அரிசிப் பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து தின்பார்கள். வறுக்கும்போது எண்ணெயே வேண்டாம். புதுக் குடியை உண்டாக்கும் வரை இரை இல்லாமல் தாக்குப்பிடிக்க ஈசல் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் புற்றைவிட்டுக் கிளம்புகிறது. புரதமும் அதில் நிறைய.

தூத்துக்குடியிலிருந்து நெல்லை செல்லும் சாலையிலுள்ள புதுக்கோட்டை போன்ற, கடலுக்கு அருகிலுள்ள ஊர்களில் இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் அவசியம். இறாலுக்கும் பூச்சிக்கும் பொதுவான ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலையும் தவிர்ப்பதே நல்லது.

ஐ.நா. அறிக்கை பெரிதும் பேசுவது வளர்ப்புப் பூச்சியை. வெட்டுக்கிளி இனத்தைச் சேர்ந்த சிள்வண்டு, 1 கிலோ எடை கூட 2 கிலோவுக்கும் குறைவான தீவனமே தின்கிறது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் சிங்கப்பூரும் சில பூச்சிகளை உணவாக அனுமதித்தன. ஈசல் இந்தக் கணக்கில் அடங்காது. புற்றுக்குள் காளான் வளர்த்து வாழும் கறையானைப் பண்ணையில் பெருக்குவது எளிதல்ல. ஈசல் கிளம்புவதும் ஆண்டில் சில நாள்கள்தான். ஆகவே நம் ஈசலின் நீடிப்பு புறம்போக்கிலும் வரப்போரத்திலும் உள்ள புற்றுகளைப் பொறுத்தது. நிலம் சமன்செய்யும் இயந்திரம் அவற்றை ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் செய்துவிடுகிறது. தப்பிய புற்றுகளிலும் கறையான் ஒழிக்க குளோர்பைரிபாஸ் ஊற்றுகிறார்கள். மருந்து விழுந்த புற்றின் ஈசலை வாயில் வைக்கக் கூடாது.