எருமைத் தயிர் (அம்பாறைக் கரையோரம்)

எருமைத் தயிர், காய்ச்சிய எருமைப்பாலில் உறை ஊற்றி மண்முட்டியில் கட்டியாக உறையவிட்டு எடுக்கும் உணவு. இலங்கையின் வறண்ட வலயத்தில் இது பரவலாக உண்டு. தெற்கே திஸ்ஸமகாராமை, அம்பாந்தோட்டைப் பக்கமும் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமும் இதற்குப் பேர்போனவை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், இடையிடையே காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்களும் அமைந்த இந்தப் பகுதி, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாக இருந்தது. ஆகவே மட்டக்களப்புத் தயிரின் பேரில் இந்தக் கரைக்கும் பங்குண்டு.

மது விலக்கப்பட்ட முஸ்லிம் ஊர்களில், நொதிக்க வைத்த பொருளுக்குச் சாப்பாட்டில் உள்ள இடத்தைத் தயிரே பிடித்திருக்கிறது. காரக் கறிக்குப் பின் நாக்கை ஆற்றவும், இனிப்போடு கூடவும், வெயிலில் தாகம் தீர்க்கவும் அதுவே வருகிறது. எந்த நாள் தயிரை எதோடு சேர்ப்பது என்பதில் வீடுகளில் ஒரு தெளிவான முறை உண்டு.

நிலமும் பட்டியும்

கடலோரம் ஒடுங்கிய மணல் நிலம். அதில் நெருங்கிய ஊர்கள். அதற்கு மேற்கே வட்டை எனப்படும் வயல்வெளிகள். அவற்றுக்கும் அப்பால் குளங்களும் புதர்க்காடும் மேய்ச்சல் தரைகளும். தயிரின் கதை இந்த மூன்றுக்கும் இடையில் நடக்கிறது: எருமை மேய்வது உள்நாட்டில், தயிர் விற்பது கடலோரத் தெருவில்.

1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டமும் இங்கினியாகலையில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரமும் இப்பகுதியின் நெற்செய்கையை விரிவாக்கின. உழவு இயந்திரம் பரவுவதற்கு முன், வயலை மிதித்துச் சேறாக்கியதும் அறுவடைக்குப் பின் களத்தில் சூடு மிதித்ததும் எருமைதான். வயல் வைத்திருந்த போடிமாருக்கு எருமைப் பட்டியும் இருந்தது. பால் அன்று வேலைமாட்டின் கூடுதல் வரவு. இயந்திரம் வந்து வேலை போன பிறகு பாலும் இறைச்சியுமே எருமைக்கு மிஞ்சிய பயன்களாயின.

பட்டியின் நடமாட்டம் நெற்செய்கையின் நாட்காட்டியை ஒட்டியது. பெரும்போகம் விதைத்ததும் பட்டிகளை வயலுக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டு போவார்கள். அறுவடை முடிந்ததும் அவை வட்டைக்குள் இறங்கி ஒட்டுத்தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. உச்சி வெயிலில் குளத்திலோ சேற்றுக் குட்டையிலோ கிடந்துதான் அது உடலைக் குளிர்விக்கும். எனவே புல் மட்டும் போதாது, தண்ணீரும் அருகில் இருக்கும் நிலமே எருமைக்கு ஏற்றது. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் புல் தழைக்கும் மாதங்களில் பால் கூடும். கோடை முற்றிக் குளம் வற்றும்போது பாலும் குறையும், முட்டியின் விலையும் ஏறும்.

பால்

இலங்கையின் நாட்டெருமை பார்வைக்குத் தென்கிழக்காசியாவின் சதுப்பு எருமையைப் போல இருந்தாலும், குரோமோசோம் எண்ணிக்கையில் (50) இந்தியாவின் ஆற்று எருமையோடு சேர்ந்தது. சதுப்பு எருமைக்கு 48. நாட்டெருமை நாளொன்றுக்குத் தருவது பெரும்பாலும் ஓரிரு லீற்றர்தான். கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடி சுரந்த பிறகே கறக்க முடியும். பால் பெருக்கத்துக்காக முரா, நீலி-ராவி போன்ற இந்திய, பாகிஸ்தானிய இனங்கள் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுக் கலப்பினங்கள் உருவாயின.

அளவு குறைவானாலும் பால் கனமானது. பசுப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 3.5 முதல் 4.5 வீதம்; எருமைப்பாலில் 7 வீதத்துக்கு மேல். புரதமும் அதிகம். புல்லிலுள்ள கரோட்டினை எருமை நிறமற்ற உயிர்ச்சத்து ஏயாக மாற்றிவிடுவதால் பாலில் மஞ்சள் சாயல் இராது. எருமைத் தயிரின் வெண்மைக்கும், கரண்டியில் வெட்டி எடுக்கும் கட்டிக்கும் இவையே காரணம்.

உறை ஊற்றுதல்

கறந்த பாலை வடிகட்டி, பொங்கக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார்கள். சூடு மிஞ்சினால் உறையிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப் போகும். மிகவும் ஆறிவிட்டால் தயிர் தோய நேரமெடுக்கும், கட்டியும் தளரும். முந்திய நாள் தயிரில் ஒரு சிறு பங்கைக் கரைத்துக் கலந்து, பாலை முட்டிகளில் ஊற்றி, அசையாத இடத்தில் அடுக்கி மூடிவிடுவது வழக்கம். மாலையில் ஊற்றினால் விடியலில் தயிர்.

உறையிலுள்ள இலக்டிக் அமில பக்டீரியாக்கள் பாலின் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. காடித்தன்மை பி.எச். 4.6ஐ நெருங்கும்போது பாலின் முக்கியப் புரதமான கேசீன் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, நீரையும் கொழுப்பையும் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. முந்திரிகைச் சாற்றில் மதுவம் சீனியை மதுசாரமாக்குவதும் இதுவும் நொதித்தலின் இரு கிளைகள்.

முட்டி

சுட்ட களிமண் முட்டியின் சுவரில் நுண்துளைகள் உண்டு. தயிரின் நீரில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ள, தயிர் இறுகுகிறது. உறிஞ்சிய ஈரம் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளே சூடும் தணிகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் தயிரைக் காத்தது இந்த ஏற்பாடுதான். அகன்ற வாயும் தாழ்ந்த வயிறும் கொண்ட முட்டியே தயிருக்கு உகந்தது. மேற்பரப்பு விரிந்திருப்பதால் ஆடை பரந்து படியும். முட்டிகளைக் கடை முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியும் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டும் விற்பார்கள்.

வாங்குபவர் முதலில் முட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். நல்ல தயிர் சுவரைவிட்டு நகராது. மேலே ஆடை முழுதாக மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் பாலில் நீர் கலந்திருக்கிறது, அல்லது தயிர் குலுங்கியிருக்கிறது என்று பொருள். முகர்ந்தால் இலேசான புளிப்பு வாசம் வரலாம், புகை நாற்றம் வந்தால் பால் அடிப்பிடித்திருக்கிறது. கரண்டியால் வெட்டிய இடம் மழுங்காமல் விளிம்போடு நின்றால் அது கலப்பில்லாத எருமைப்பால்.

தயிரின் வயதும் உணவுச் சேர்க்கையும்

தோய்ந்த முதல் நாள் தயிர் இனிப்புக்கு. அதில் புளிப்பு மட்டாகவும் கொழுப்பின் மணம் மேலோங்கியும் இருக்கும். அதன் பிரபலமான துணை கித்துள் பாணி. கித்துள் பனையின் பாளையிலிருந்து வடியும் பதநீரைக் காய்ச்சியெடுக்கும் இப்பாணி மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வருவது. அதன் இலேசான புகை மணமும் மெல்லிய கசப்பும் தயிரின் கொழுப்பை வெட்டும். காட்டுத் தேன் கிடைக்கும் நாட்களில் பாணியின் இடத்தில் தேன் வரும். இரண்டும் இல்லாதபோது சீனி, அல்லது துருவிய சக்கரை. வாழைப்பழத்தில் கதலியும் கோழிக்கூடும் நன்றாகச் சேரும். புளிப்பேறிய பழம் தயிரின் புளிப்போடு மோதும்.

பிட்டோடு தயிர் சேர்வது கிழக்கின் அடையாளமான காலை உணவு. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்த பிட்டு உலர்ந்த உணவு; அதை இளக்க ஏதாவது வேண்டும். இறைச்சிக் கறி ஊற்றினால் ஒரு ருசி. பிட்டை உதிர்த்து, வாழைப்பழம் பிசைந்து, சீனி தூவி, மேலே இரண்டு கரண்டி தயிர் வைத்தால் வேறொரு ருசி. இதற்குச் சிவப்பரிசி மாப் பிட்டே பொருத்தம். வறுத்த மாவின் வாசம் தயிரில் அமிழ்ந்து போகாது.

இரண்டாம் நாள் தயிர் சோற்றுக்கு. மாட்டிறைச்சிக் கறியும் காரச் சம்பலும் தின்ற பின் கடைசிப் பிடி சோற்றைத் தயிரில் பிசைந்து முடிப்பது வழக்கம். இதற்கு வேதியியல் காரணமும் உண்டு: மிளகாயின் எரிவுக்குக் காரணமான கப்சேசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும், கேசீனும் அதைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து அகற்றும். தண்ணீர் குடித்தால் அடங்காத உறைப்பு தயிரில் அடங்குவது இதனால்தான். புரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் வெங்காயம், பச்சை மிளகாய், வெள்ளரி நறுக்கிக் கலந்த தயிர்ச் சம்பல் வைப்பார்கள். கடலோரமாக இருந்தும் மீன் கறியோடு தயிரைச் சேர்க்கத் தயங்குவோர் உண்டு. மீனும் தயிரும் ஒன்றாகத் தின்றால் தோல் நோய் வரும் என்ற எண்ணம் தெற்காசியாவில் பரவலானது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

புளித்த தயிர் வயலுக்கும் வெயிலுக்கும். பழஞ்சோற்றில் தயிரைக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வது வயல் வேலைக்காரரின் காலைச் சாப்பாடு. இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்து நீர்த்தால் மோர். கீறிய மிளகாயைப் புளித்த மோரில் ஊறவைத்து, காயவைத்து, மீண்டும் ஊறவைத்துச் செய்யும் மோர் மிளகாயைப் பொரித்தால், அதே புளிப்பு மறுபடி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாகத் திரும்பி வரும்.

விருந்திலும் நோன்பிலும்

இலங்கை முஸ்லிம் விருந்துகளில் பெரிய தட்டமொன்றைச் சுற்றி ஆறு பேர் அளவில் அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாட்டில், இறைச்சியும் பருப்பும் கத்தரிக்காயும் முடிந்த பின் வட்டிலப்பமோ, தயிரும் பாணியுமோ வரும். வட்டிலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கனமான இனிப்பு. நெய்ச்சோறு உண்ட வயிற்றுக்குத் தயிரே இலகு. றமழானில் நோன்பு திறக்கக் கஞ்சி என்றால், சஹருக்குத் தயிர். விடியுமுன் உண்ணும் சோற்றைத் தயிரும் வாழைப்பழமும் சேர்த்து முடித்தால் பகலில் தாகம் மட்டுப்படும் என்பது பலரின் அனுபவம். நோன்பு மாதத்தில் தயிருக்குக் கிராக்கி கூடும்.

தென் பிரான்சோடு ஓர் ஒப்பு

கரையோர நிலமும் களப்பும் சேர்ந்து ஒரு பானத்தையும் அதற்குரிய உணவையும் உருவாக்கியதற்குத் தென் பிரான்சின் லாங்டொக் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தோ என்ற களப்பில் வளரும் சிப்பிகளோடு, அதையொட்டிய நிலத்தில் விளையும் புளிப்பான பிக்பூல் வெள்ளை வைனைப் பரிமாறுகிறார்கள். ஆட்டிறைச்சிக்கும் நெடுநேரம் வேகும் மாட்டிறைச்சிக்கும் கிரெனாஷ், சிரா முந்திரிகைகளின் சிவப்பு வைன். சிவப்பு வைனின் துவர்ப்பு இறைச்சியின் கொழுப்பை வெட்டுகிறது. இங்கே தயிரின் கொழுப்பு மிளகாயின் உறைப்பை அடக்குகிறது. வழி நேரெதிர், நோக்கம் ஒன்று. பிரான்சில் வைன்களின் இடப்பெயரைச் சட்டத்தால் காக்கும் முறை 1935 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டை முதலில், 2022இல், பெற்றது இலங்கைக் கறுவா. தயிரின் பேர் இன்னும் வாங்குபவரின் நம்பிக்கையில்தான் நிற்கிறது.

இன்றைய நிலை

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கரையோர ஊர்களுக்கும் உள்நாட்டு மேய்ச்சல் தரைகளுக்கும் இடையிலான போக்குவரவு ஆபத்தானதாயிற்று. பட்டிகளை விட்டுவிட்டு வந்தவர்களும் இழந்தவர்களும் பலர். 2009இல் போர் முடிந்த பிறகு பட்டிகள் மீண்டும் பெருகின. ஆனால் மேய்ச்சல் நிலத்துக்கான போட்டி கூடியது. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து வட்டமடுவில், நிலம் மேய்ச்சலுக்கா நெல்லுக்கா என்ற தகராறு கால்நடை வளர்ப்போருக்கும் விவசாயிகளுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. நெல்லும் தயிரும் ஒரே தட்டில் சேர்ந்தாலும் நிலத்தில் ஒன்றுக்கொன்று போட்டி.

சந்தையிலும் மாற்றம் வந்திருக்கிறது. பிளாஸ்ரிக் கோப்பைகள் உடையாதவை, இலகுவில் ஏற்றலாம். ஆனால் அவை நீரை உறிஞ்சுவதில்லை, ஆதலால் தயிர் அதே இறுக்கத்துக்கு வராது. பசுப்பாலையோ பால்மாவையோ கலந்து அளவைக் கூட்டுவதும் உண்டு. முட்டியை மீட்கலாம், கலப்படத்தைச் சோதனையால் பிடிக்கலாம். மேய்ச்சல் தரை சுருங்கினால் மட்டும் இந்தத் தயிருக்கு மாற்று வழி கிடையாது. தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கப் பழகாத நாட்டெருமைப் பட்டிகளின் பால் அந்தத் தரையின் புல்லையும் குளத்தையும் நம்பியே சுரக்கிறது.