கடை பெருத்தால் கணக்குப் புத்தகம் எங்கே இருக்க வேண்டும்? இணையவழிச் சந்தைகளும் முகில் தரவுத்தளமும்

2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் முகில் கட்டமைப்பு, கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியான பதிப்பு. அந்தக் காலப்பகுதிக்குக் கைகொடுக்கக்கூடிய காப்புப் பிரதியும் இருக்கவில்லை.

அரசாங்கத்துக்கு நேர்ந்தது ஒரு சிறு வியாபாரிக்கு நேர்ந்தால் என்ன ஆகும்? மூன்று மாத ஓடர்கள், யார் பணம் கட்டினார், எந்த விற்பனையாளருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாம் ஒரே இரவில் இல்லாமல் போகும். அதற்குப் பின் வியாபாரம் எழுந்து நிற்பது கடினம்.

2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தபோது, கொழும்பில் பல கடைகள் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஓடர் எடுக்கத் தொடங்கின. வெள்ளவத்தை காலி வீதியின் புடவைக் கடைகளையும் கொட்டாஞ்சேனையின் நகை, பலகாரக் கடைகளையும் ஒரே தளத்தில் சேர்த்து விற்கும் ஓர் இணையவழிச் சந்தையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் மாதம் சில ஆயிரம் ரூபாவுக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வழங்கியே அதற்குப் போதும். இணையத்தளமும் தரவுத்தளமும் அந்த ஒரே இயந்திரத்தில் ஓடும். தீபாவளிக்கு முந்திய வாரம்தான் சிக்கல் தெரியவரும். பொருள் தேடுகிறவர்களும் பணம் கட்டுகிறவர்களும் ஒரே இயந்திரத்தை இழுக்க, பக்கம் திறக்காது. ஒரே புடவை இரண்டு பேருக்கு விற்றுப் போயிருக்கும். அப்போதுதான் 'முகிலுக்கு மாறுவோமா?' என்ற கேள்வி எழும்.

நிர்வகிக்கப்படும் தரவுத்தளம் என்றால் என்ன?

தரவுத்தளத்தைக் கடையின் கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். நிர்வகிக்கப்படும் முகில் தரவுத்தளத்தில், அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் அறையையும் பூட்டையும் காவலையும் இன்னொரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அமேசன் 2009 இல் ஆர்டிஎஸ் என்ற பெயரில் இத்தகைய சேவையைத் தொடங்கியது. கூகுளும் மைக்ரோசொப்டும் இப்போது இதே வகைச் சேவைகளை விற்கின்றன.

இச்சேவைகள் செய்வன முக்கியமாக நான்கு. தரவுத்தள மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது முதலாவது. நாள்தோறும் தானாகக் காப்புப் பிரதி எடுப்பது இரண்டாவது. ஒரு தரவு நிலையம் பழுதானால் வேறொரு நிலையத்தில் தயாராக இருக்கும் மறு இயந்திரத்துக்கு மாறுவது மூன்றாவது; இது வழமையாக ஓரிரு நிமிடங்களில் நடக்கும், ஆனால் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. தேவை கூடும்போது பெரிய இயந்திரத்துக்கு மாற்றித் தருவது நான்காவது.

2022 இன் நீண்ட மின்வெட்டுகளும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதும் நினைவிருக்கும். கடையின் பின்னறையில் வழங்கியை வைத்திருப்பவருக்கு இந்த மாற்றத்தின் பயன் எளிதில் விளங்கும்.

உங்கள் கையிலேயே இருப்பவை

'நிர்வகிக்கப்படும்' என்ற சொல்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. நிர்வகிக்கப்படுவது இயந்திரம். தரவுக்கான பொறுப்பு உரிமையாளரிடமே இருக்கிறது.

ஓர் ஊழியர் தவறுதலாக ஓடர் அட்டவணையை அழித்துவிட்டார் என்று வையுங்கள். தயாராக இருக்கும் மறு இயந்திரத்திலும் அதே கணத்தில் அது அழிந்துவிடும். அந்த இயந்திரம் பழுதுக்கான மாற்று. தவறுக்கான மருந்து அல்ல. அழிவதற்குச் சற்று முந்திய நேரத்துக்குத் திரும்பக் காப்புப் பிரதியே வேண்டும். அமேசனின் ஆர்டிஎஸ் சேவையில் தானியங்கிப் பிரதிகளை அதிகபட்சம் 35 நாட்கள் வைத்திருக்கலாம். தரவுத்தளத்தையே நீக்கும்போது உரிய தெரிவைக் கவனிக்காவிட்டால் அந்தப் பிரதிகளும் சேர்ந்து போய்விடும்.

மெதுவாக ஓடும் தேடலும் அப்படித்தான். சரியான சுட்டி இல்லாமல் பத்தாயிரம் பொருட்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டும் நிரலை முகிலுக்குக் கொண்டுபோனாலும் அது புரட்டத்தான் செய்யும். அங்கே அதற்கு டொலரில் பணம் கட்ட வேண்டும்.

டொலர் கணக்கு

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதம் அது 360 ரூபாவைத் தொட்டது. மாதம் 200 டொலர் கட்டிய ஒரு தளத்துக்கு, எதையும் மாற்றாமலே, 40,000 ரூபாச் செலவு 72,000 ரூபாவானது. வருமானம் ரூபாவில் வந்து செலவு டொலரில் போகும் வியாபாரத்துக்கு இது நிலையான ஆபத்து.

அறிவிக்கப்படும் விலை இயந்திரத்துக்கு மட்டுமே. சேமிப்பிடம், கூடுதல் காப்புப் பிரதிகள், வெளியே அனுப்பப்படும் தரவு என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் உண்டு. செலவு ஓர் எல்லையைத் தாண்டியதும் எச்சரிக்கும் வசதியை முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது?

கொழும்புக்கு அருகில் உள்ள பெரிய முகில் மையங்கள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. மைக்ரோசொப்டின் ஒரு மையம் சென்னையிலேயே உள்ளது. எதைத் தெரிந்தாலும் இணையத்தளமும் தரவுத்தளமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இணையத்தளத்தைக் கொழும்பில் விட்டுத் தரவுத்தளத்தை மட்டும் சிங்கப்பூருக்கு அனுப்பினால், ஒவ்வொரு கேள்வியும் கடலடிக் கம்பி வழியே போய்வர வேண்டும். ஒருமுறை போய்வர 50 மில்லி செக்கன், ஒரு பக்கத்துக்கு அடுத்தடுத்து 40 கேள்விகள் என்றால், வாடிக்கையாளர் 2 செக்கன் வெறுமனே காத்திருப்பார்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியன தனிப்பட்ட தரவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை நாட்டுக்கு வெளியே கையாள்வது பற்றியும் விதிகளைக் கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாறும் ஒழுங்கு

முதலில் இருப்பதைக் கணக்கெடுங்கள்: எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, எவ்வளவு அளவு. தமிழ்த் தளங்களுக்கு இங்கே ஒரு தனிச் சோதனை உண்டு. பழைய பொருட்பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுத்துக்குறி அமைப்பு 'லத்தீன்1' என இருந்தால், மாற்றும்போது தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம். 'யூடிஎப்8எம்பி4' என்ற அமைப்பே பாதுகாப்பானது.

இரண்டாவதாக, ஒரு பிரதியைப் புதிய இடத்தில் ஏற்றி ஒத்திகை பாருங்கள். ஓடர்களின் எண்ணிக்கை, அவற்றின் மொத்தத் தொகை, விற்பனையாளர்களுக்கான நிலுவை ஆகிய மூன்றும் இரண்டு இடத்திலும் ஒத்துவர வேண்டும்.

மூன்றாவதாக, பழைய தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் புதியதற்கும் உடனுக்குடன் போகும்படி இணையுங்கள். சில நாட்கள் இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

நான்காவது, இடம்மாறும் நேரம். 'நள்ளிரவில் செய்துவிடலாம்' என்று நினைப்பது எங்களுக்குப் பொருந்தாது. கொழும்பில் அதிகாலை 2 மணி என்றால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் பிற்பகல் 4.30, லண்டனில் இரவு 9.30. ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் புடவை அனுப்பப் பிள்ளைகள் ஓடர் போடும் நேரம் அது. உங்கள் பதிவேட்டைப் பார்த்து உண்மையிலேயே அமைதியான மணியைத் தெரிந்தெடுங்கள். அப்போது சில நிமிடங்கள் புதிய ஓடர்களை நிறுத்தி, கடைசி மாற்றமும் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, இணையத்தளத்தைப் புதிய தரவுத்தளத்துக்குத் திருப்புங்கள்.

ஐந்தாவது, பழைய தரவுத்தளத்தை உடனே அழிக்காதீர்கள். திரும்பிப் போகும் வழியையும், எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அவசரத்தின் விலையைப் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி அறியும். 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் விபரங்களைப் புதிய கட்டமைப்புக்கு மாற்றியது. பலர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 இல் வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு மேல்.

மாறாக, அமேசனின் சந்தைப் பிரிவு தன் ஏறத்தாழ 7,500 ஒராக்கிள் தரவுத்தளங்களைக் குழுக் குழுவாக, படிப்படியாக மாற்றி, 2019 ஒக்டோபரில் வேலையை முடித்ததாக அறிவித்தது. செலவு 60 வீதத்துக்கு மேல் குறைந்ததாகவும் சொன்னது. முகில் சேவையை விற்பதும் அதே நிறுவனம்தான் என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

மாறிய பின்னும் ஒரு வேலை

2024 மேயில், அவுஸ்திரேலியாவின் யூனிசுப்பர் ஓய்வூதிய நிதியத்தின் முகில் கட்டமைப்பு, கூகுள் தரப்பில் நேர்ந்த ஓர் அமைப்புத் தவறால் அழிந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேவை நாட்கணக்கில் தடைப்பட்டது. இன்னொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது.

வெள்ளவத்தைக் கடைக்கும் அதே பாடம்தான். வாரம் ஒருமுறையாவது ஒரு பிரதியை வேறொரு கணக்கில், வேறொரு கடவுச்சொல்லின் கீழ் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெற்று இயந்திரமொன்றில் ஏற்றி, நேற்றைய ஓடர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது கிடைத்தால்தான் உங்களிடம் காப்புப் பிரதி இருக்கிறது என்று பொருள்.