மௌனம் காக்கும் உரிமை: ஒரு வரலாற்று நோக்கு

பேசும் உரிமையை அறியாதார் இலர். பேசாதிருக்கும் உரிமையை அறிந்தாரோ மிகச் சிலர். குற்றம் சாட்டப்பட்ட ஒருவன், தன்னைக் குற்றவாளியாக்கக்கூடிய வினாவுக்கு விடையளிக்காமல் இருக்கலாம். அவ்வுரிமை எவ்வாறு பிறந்தது, நம் மண்ணுக்கு எவ்வாறு வந்தது, நம் சமுதாயத்துக்கு அதனால் ஆகும் பயன் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி வாய்பொத்தி நின்றவர்கள் நம் முன்னோர். அது அச்சம் தந்த மௌனம். நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் அவர்களைப் பேசவிடாத அதே ஊர், களத்து நெல் காணாமற்போனால் அவர்களையே இழுத்து வந்து அடித்துப் பேசவைத்தது. பேசவும் உரிமையில்லை, பேசாதிருக்கவும் உரிமையில்லை என்பதே நெடுங்கால நிலையாக இருந்தது.

இங்கிலாந்தில் எழுந்த குரல்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ஸ்டார் சேம்பர்' என்னும் மன்றம் ஒன்று இருந்தது. என்ன குற்றச்சாட்டு என்று கூறாமலே, எதைக் கேட்டாலும் உண்மை உரைப்பதாகச் சத்தியம் செய்யுமாறு அது கட்டாயப்படுத்தும். 1637-இல் தடைசெய்யப்பட்ட நூல்களைத் தருவித்ததாகக் கைது செய்யப்பட்ட ஜான் லில்பர்ன் என்னும் இளைஞர் அச்சத்தியத்தைச் செய்ய மறுத்தார். 1638-இல் லண்டன் வீதிகளில் சவுக்கால் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார். ஆயினும் பணியவில்லை. 1641-இல் அம்மன்றமே ஒழிக்கப்பட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் கொள்கை வேரூன்றியதில் அவருடைய போராட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கொள்கை 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தில் இடம்பெற்றது.

சென்னை மாகாணத்தில் சித்திரவதை

அதே ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திலோ நிலைமை வேறு. வரி வசூலும் காவற் பணியும் ஒரே கைகளில் இருந்தன. வரி கொடாதவனும், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனும் ஒரே வகையாக வதைக்கப்பட்டனர். இக்கொடுமையை விசாரிக்க அமைக்கப்பட்ட குழு 1855-இல் அறிக்கை அளித்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை அதில் பதிவாயின. இத்தமிழ்ச் சொற்கள் ஆங்கில அரசின் ஆவணத்தில் ஏறியது நம் மொழிக்குப் பெருமையன்று. நம் மக்கள் பட்ட துயரின் சான்று.

அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்பதை ஆட்சியாளரும் உணர்ந்தனர். போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் புகுந்து, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது. எனினும், 1871-இல் இயற்றப்பட்டு, 1911-இன் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கியது. பிறப்பே சாட்சி சொல்லும்போது வாய்மூடி என்ன பயன்? நாடு முழுவதும் அச்சட்டம் ஒழிய 1952 வரை காத்திருக்க நேர்ந்தது.

அரசியல் சட்டம் தந்த காப்பு

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு வற்புறுத்தலாகாது என்கிறது அதன் 20(3)-ஆம் உறுப்பு. அரசரும் ஆண்டியும் அதற்குச் சமமே.

இவ்வுரிமை நீதிமன்றத்தில் மட்டுமா, காவல் நிலையத்திலுமா என்னும் ஐயத்தை ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியின் வழக்கு தீர்த்தது. எழுத்தில் தரப்பட்ட வினாக்களுக்கு விடையளிக்க அவர் மறுத்தார். 1978-இல் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், போலீஸ் விசாரணையின்போதும் இவ்வுரிமை உண்டென நிலைநாட்டினார். முதலமைச்சராக இருந்தவர் பெற்ற தீர்ப்பு, சேரியில் வாழும் கூலித் தொழிலாளிக்கும் உரியது. சம்மதமின்றி உண்மை கண்டறியும் மருந்துச் சோதனை முதலியவற்றைச் செய்யலாகாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இவ்வழியில் வந்ததே.

அறிந்திருக்க வேண்டியவை

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பழைய காப்புகள் அவற்றிலும் தொடர்கின்றன. விசாரணையில் அளிக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து இடத் தேவையில்லை. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்த முடியாது. கைதானவர் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். 24 மணி நேரத்துக்குள் அவரை நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது.

இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. பெயரையும் முகவரியையும் கேட்டால் உண்மையாகச் சொல்ல வேண்டும். கைரேகை தர மறுக்க இவ்வுரிமை துணை வராது என்று 1961-லேயே தீர்ப்பாகியுள்ளது. தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்காத வினாக்களுக்கு விடையளிக்கக் கடமையுண்டு. பொய் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மேலும், நாம் வன்கொடுமைக்கு ஆளாகும்போது மௌனம் நமக்கு அணியன்று. அங்கே உரத்துப் பேசிப் புகாரைப் பதிவு செய்வதே கடமை. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வாய் திறப்பவனுக்கே துணை நிற்கும்.

இளைஞர்களே! எழுதப்படாத தாளில் பெருவிரலைப் பதித்துவிட்டு, பிறகு அதில் என்ன எழுதப்பட்டது என்பதையும் அறியாமல் சிறை சென்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பெருவிரலில் எழுதுகோலைப் பிடிக்கவைத்ததே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணி. படிக்கத் தெரிந்தவன் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடமாட்டான். உரிமை தெரிந்தவன் மிரட்டலுக்குப் பேசமாட்டான். அச்சத்தால் வாய்பொத்திய தலைமுறை மறையட்டும். எங்கே பேசுவது, எங்கே பேசாதிருப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் தலைமுறை தழைக்கட்டும். நீங்கள் கற்றதை, பள்ளி வாசலை மிதியாத நம் பெரியோர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளி விழாவுக்கு நீங்கள் செய்யும் சிறப்பு அதுவே.